மாமாவின் கிட்டாருக்கு ஐந்தாம் தந்தி போட்ட விவரம்

சுவாமே, குமாசி, கானா.
அறுவடைத் திருநாளுக்கு அடுத்த புதன்கிழமை.

மதிப்பும் பாசமும் நிறைந்த யாவ் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் க்வாபெனா பணிந்து எழுதுவது. ஹாம்பர்கில் உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும், அத்தை சுகமாக இருப்பார்கள், இந்த வருஷம் பனி உங்களை ரொம்பப் படுத்தாது என்று நம்புகிறேன். இங்கே நான், அபேனா, பிள்ளைகள், அஃபியா அக்கா, அவளுடைய கோழிகள் எல்லாரும் சுகம். சுகமில்லாதது ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லத்தான் போன் போட்டேன். உங்கள் குரலைக் கேட்டதும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். "ஏண்டா, மழை பெய்யுதான்னு கேக்கவா வெளிநாட்டுக்குப் போன் போட்டே?" என்று நீங்கள் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் தெரு ஆசிரியை ஒருத்தி தங்கையின் பிரசவத்துக்காக ஹாம்பர்க் வருகிறாள். அவளிடம் அத்தைக்குக் கருவாடும் மிளகாய்த் தொக்கும் கொடுத்து, கருவாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். கருவாட்டைச் சாப்பிட்டு முடித்துவிட்டு அப்புறம் படியுங்கள் மாமா. வெறும் வயிற்றில் படிக்க வேண்டாம்.

விஷயம் உங்கள் பேஸ் கிட்டார். அம்மா காலமாகி ஒரு வருஷம் நிறைகிற விசேஷத்துக்கு ஈஸ்டர் சமயம் வருவதாகவும், "அந்த கிட்டார் கட்டாயம் அங்கே இருக்கணும், பத்திரமா எடுத்து வைக்கச் சொல்லு" என்றும் அஃபியா அக்காவிடம் சொன்னீர்களாம். அவள் அதை என்னிடம் சொன்ன நிமிஷத்திலிருந்து சோறு தண்ணி இறங்கவில்லை. அடக்கத்துக்கு வர உங்களுக்கு விசா கிடைக்காமல், அங்கே ஒற்றை ஆளாக உட்கார்ந்து அழுதீர்கள் என்று அத்தை சொன்னார்கள். இப்போது வந்து அம்மாவுக்காக அந்த கிட்டாரில் ஒரு பாட்டு வாசிக்க ஆசைப்படுகிறீர்கள். உங்கள் ஒரே ஆசை அது. அதில்தான் நான் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன்.

எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் படம் உங்களுக்குத் தெரியும். அகலக் கால்சட்டை போட்ட உங்கள் வாத்தியக் கோஷ்டி, நடுவில் அந்த கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நீங்கள். சின்ன வயசில் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு பேஸ் பைத்தியம் பிடித்தது. நீங்கள் ஜெர்மனிக்குப் போனபோது அதை அம்மாவிடம் விட்டுப் போனீர்கள். அம்மா அதைப் பழைய துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்து, அது என்னவோ கைக்குழந்தை மாதிரி துடைத்துக்கொண்டே இருந்தாள். "அது உங்க மாமாவோடது. யாராச்சும் தொட்டீங்கன்னா கையை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்" என்பாள். நானும் இத்தனை வருஷம் சர்ச்சின் பழைய கிட்டாரை வீட்டுக்கு எடுத்து வந்துதான் பழகினேனே தவிர, உங்களுடையதைத் தொட்டதில்லை. அம்மா போன பிறகுதான் தொட்டேன். நம் வழக்கத்தில் மாமன் சொத்து மருமகனுக்குத்தானே, உங்களுக்குப் பிறகு அது எனக்கு வரவேண்டியதுதானே என்று மனசுக்குள் ஒரு நியாயம் பேசிக்கொண்டேன். அந்த 'உங்களுக்குப் பிறகு' என்கிற இடத்தை மட்டும் நான் சரியாகக் கவனிக்கவில்லை. நீங்கள் நூறு வயசு இருக்க வேண்டும் மாமா, இதை ஆத்மார்த்தமாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் எங்கள் பாடகர் குழுத் தலைவர் பாஃபோர். சர்ச்சுக்குப் புதிதாக வந்த போதகருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல். அவருக்காகப் பாட்டுகளையெல்லாம் கீழே இறக்கினார்கள். நாலு தந்தி கிட்டாரில் அந்த ஆழத்துக்குப் போக வழி கிடையாது, மேலே எங்கேயோ தொட்டு ஒப்பேற்ற வேண்டும். நானும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அப்போது டகோராடியிலிருந்து மாற்றலாகி வந்து சேர்ந்தாள் பொகுவா என்கிற நர்ஸ். கையில் ஐந்து தந்தி கிட்டார். அவள் அந்த ஐந்தாவது தந்தியை ஒரு தடவை தொட்டாள் மாமா, பெஞ்சுக் கட்டை வழியாக அந்தச் சத்தம் முதுகெலும்பில் ஏறியது. மூப்பர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் வாசிக்கும்போதும் மூடுவார்கள், ஆனால் அது வேறு. பாஃபோர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிரதர், ஒண்ணு நீங்களும் அஞ்சு தந்திக்கு மாறுங்க, இல்லேன்னா கொஞ்ச நாளைக்கு அந்த மணி கோத்த சுரைக்குடுக்கையை எடுத்து ஆட்டுங்க. குழுவை விட்டுப் போகணும்னு நான் சொல்லல" என்றார். குடுக்கை ஆட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது என் மனைவி அபேனா, "குடுக்கை ஆட்டுறதுக்கு எதுக்குங்க இஸ்திரி போட்ட சட்டை?" என்று கேட்டாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே இஸ்திரி போடுவதா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

சரி, ஐந்து தந்தி ஒன்று வாங்கிவிடுவோம் என்று அடூம் கடைத்தெருவில் ஏறி இறங்கினேன். ஒன்றில் தந்திகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன, ஒரு விரல் வைத்தால் இரண்டு அமுங்கும். இன்னொன்றின் கழுத்து துணி துவைக்கிற பலகை அகலம், என் சுண்டுவிரல் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டது. ஒன்று ரொம்பக் கனம், ஒன்று ரொம்பப் பஞ்சு, ஒன்று மீன் வடிவம், அதை மாட்டிக்கொண்டு சர்ச்சுக்குள் போனால் போதகர் பிரசங்கத்தில் இழுப்பார். எனக்குத் தெரிந்த அந்த ஒரு வாசிப்பை எல்லாவற்றிலும் வாசித்துப் பார்த்து, இது சரியில்லை, அது சரியில்லை என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரன் பொறுமைசாலி. கடைசியில், "அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க, எல்லாத்துலயும் தப்பு ஒரே இடத்துலதான் வருது. கிட்டார் மேல குத்தமில்ல" என்றான். கடையில் இருந்த மற்றவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டார்கள். நான் விசிலடித்துக்கொண்டே வெளியே வந்தேன், ஆனால் விசிலும் சரியாக வரவில்லை.

அந்த அவமானத்தோடு வீட்டுக்கு வந்துதான் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். என்ன கிட்டார் மாமா அது. அந்த மரம், அந்த மினுமினுப்பு. இதற்கு மட்டும் இன்னொரு தந்தி இருந்தால் பொகுவாவின் கிட்டார் இதன் பக்கத்தில் நிற்க முடியுமா என்று ஒரு புத்தி வந்தது. புத்தி வந்தால் நேராக அடுத்த வேலையைப் பார்ப்பது என் சுபாவம் என்று உங்களுக்குத் தெரியும். என் உதிரிபாகக் கடைக்கு எதிரே இத்ரிசு பட்டறை. வேனுக்கு மரக்கூடு கட்டுவதில் சுவாமேயிலேயே அவன்தான் பெரிய கை. கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முதலாளி, ஒம்பது சீட்டு வண்டியைப் பதினஞ்சு சீட்டாக்குறவன் நான். நாலு தந்தியை அஞ்சாக்குறது ஒரு வேலையா?" என்றான். அது நியாயமான பேச்சாகப் பட்டது.

கழுத்தின் பக்கவாட்டில் ஒரு மரச்சட்டம் ஒட்டி அகலப்படுத்தினான். தலையில் புதிதாக ஒரு துளை. அந்தத் துளையைப் போடும்போது உள்ளேயிருந்து மரத்தூள் கருஞ்சிவப்பாக வந்து என் செருப்பில் விழுந்தது. "நிறுத்துடா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் தலை நிமிர்ந்து "எப்படி முதலாளி?" என்றான். "பிரமாதம்" என்று சொல்லிவிட்டேன். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தந்தியை முறுக்க ஐந்தாவது திருகு கிடைக்காததால், ஒரு பழைய காரின் ஜன்னல் கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடியைப் பொருத்தினான். சுற்றுவதற்குச் சுகமாகத்தான் இருந்தது. ஐந்தாவது தந்திக்கு என் கடையிலிருந்தே மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிளை எடுத்து, மேலுறையை உருவிவிட்டுக் கொடுத்தேன். கேபிள் விஷயத்தில் எனக்கு இன்னொருவன் சொல்லித் தர வேண்டியதில்லை என்று அப்போது பெருமைகூடப் பட்டேன். ஒட்டுத் தெரியாமல் இருக்கச் சாயம் அடிக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நடுவில் வெள்ளை, நாலு மூலையிலும் ஆரஞ்சு, அசல் நம் ஊர் டாக்சி. "டாக்சிக்குக் கலக்கினது மிச்சம் இருந்துச்சு முதலாளி, இனிமே உங்களை ரோட்டுல எவனும் இடிக்க மாட்டான்" என்றான். வண்டிகளின் பின்கண்ணாடியில் எழுதுகிற பையன் முதுகுப் பக்கத்தில் 'மாமன் கொடை' என்று வளைத்து வளைத்து எழுதியிருந்தான். எழுத்து அழகாகத்தான் இருக்கிறது, அதை மட்டும் சொல்ல வேண்டும்.

அறுவடைத் திருநாள் வந்தது. பக்கத்து மாவட்டத்திலிருந்து பெரிய போதகர் வருகிறார். எங்கள் சர்ச்சில் காணிக்கைப் பாட்டை பேஸ் தனியாக ஆரம்பிக்கும், அது போட்ட சுதியைப் பிடித்துக்கொண்டுதான் பாடகர்கள் எழுவார்கள், ஜனங்கள் ஆடிக்கொண்டே போய்க் காணிக்கை போடுவார்கள். அந்த ஆரம்பத்தை எனக்குத் தாருங்கள் என்று பாஃபோரிடம் கெஞ்சினேன். பொகுவா தானாகவே எழுந்து இடம் விட்டாள். "நீங்க வாசிங்கண்ணே, மூத்தவங்க" என்றாள். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. உங்கள் கிட்டாரை மாட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். டாக்சி ஓட்டுநர் சங்கத்து ஆட்கள் கை தட்டினார்கள்.

இப்போது வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இத்தனை வருஷமாக நாலு தந்தியில் பழகிய கை. மேலே இருக்கிற தடித்த தந்திதான் முதல் தந்தி என்று விரலுக்குப் பாடமாகிவிட்டது. இப்போது அந்த இடத்தில் நிற்பது அதைவிடக் கீழே இறங்குகிற கிளட்ச் கேபிள் என்பதை விரல் மறந்துவிட்டது. ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு தந்தி தள்ளி விழுந்தது. நான் ஆரம்பித்த சுதியில் பாடகர் குழு எழுந்து, எழுந்த வேகத்தில் அப்படியே பள்ளத்தில் விழுந்தது. கீச்சுக் குரல் பெண்களெல்லாம் ஆம்பிளைக் குரலில் பாடினார்கள். தடித்த குரல் ஆண்களுக்குக் கீழே இடமே இல்லாமல் போய் வாயை மட்டும் திறந்து மூடினார்கள். கீபோர்டுக்காரன் திணறிவிட்டு, சுதி மாற்றுகிற பொத்தானை அமுக்கி அமுக்கி என் பின்னாலேயே இறங்கி வந்துவிட்டான். ஆடிக்கொண்டு வந்த ஜனங்கள் சவ ஊர்வலத்துக்கு நடக்கிற மாதிரி காலை இழுத்தார்கள். எனக்கு எதுவும் புரியவில்லை மாமா. பாடகர்கள்தான் சுதி விட்டுவிட்டார்கள் என்று அவர்களை முறைத்தேன். முறைத்துவிட்டு இன்னும் பலமாக வாசித்தேன். பெஞ்சிலிருந்து பொகுவா விரலை ஆட்டி ஆட்டி, "அண்ணே, அடுத்த தந்தி, அடுத்த தந்தி" என்று வாயசைத்தாள். தன் முறை எப்போது என்று கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து முதுகைத் திருப்பிக்கொண்டேன். அவளுக்கு 'மாமன் கொடை' தெரியட்டும் என்றும் நினைத்தேன்.

நாமாவது சுதியைத் தூக்கிவிடுவோம் என்று கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தேன். சுதி ஏறியது. பாடகர்களும் பாடிக்கொண்டே ஏறினார்கள், பாவம், அவர்கள் மேல் எந்தத் தப்பும் கிடையாது. இன்னும் ஒரு சுற்று சுற்றினேன். ஒட்டின சட்டம் படீரென்று பிளந்தது, கேபிள் பிய்த்துக்கொண்டு என் கன்னத்தில் கோடு இழுத்தது, கைப்பிடி பறந்து போய் அறுவடைக்கு வந்த சேனைக்கிழங்குக் குவியலில் விழுந்தது. பாட்டு நின்றது. அந்த அமைதியில், "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று யாரோ ஒரு பெண் மனசார நிம்மதியாகச் சொன்னாள். அபேனாவின் குரல் மாதிரி இருந்தது, நான் அவளிடம் கேட்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஆராதனைக்குப் பிறகு வழக்கம்போல அறுவடைப் பொருள் ஏலம். கிழங்கு, வாழைத்தார், சேவல் எல்லாம் போன பிறகு ஏலக்காரர் அந்தக் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து, "இதை விசுவாசத்தோட யாரோ குடுத்திருக்காங்க, குடுத்த கை யாரு?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன். ஒரு டாக்சிக்காரன் அதை ஏலத்தில் எடுத்தான், அவன் வண்டிக்கு அளவு சரியாகப் பொருந்தியதாம். என்னை யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை மாமா. சொல்லியிருக்கலாம். பொகுவா மட்டும் என் கன்னத்தில் மருந்து தடவிக்கொண்டே, "அஞ்சு தந்தியில எனக்கும் முதல்ல இதே மாதிரி ஆச்சுண்ணே. கட்டைவிரலை மேல் தந்தியில ஊனி வச்சுக்கிட்டா தொலைஞ்சு போக மாட்டீங்க" என்றாள். அந்த நர்ஸ் பெண்ணைப் பற்றி வீட்டில் நான் பேசின பேச்செல்லாம் ஞாபகம் வந்து, கன்னத்தைவிடக் காது அதிகமாக எரிந்தது.

இப்போது கிட்டாரின் நிலை: கழுத்து வளைந்துவிட்டது. தலையில் ஓட்டை. உடம்பு டாக்சி. சாயத்தைச் சுரண்டினால் அடியில் இருக்கிற மினுமினுப்பும் சேர்ந்து வருகிறது. "இதுக்கு மேல கை வச்சா பாவம் முதலாளி" என்று இத்ரிசுவே சொல்லிவிட்டான். ஈஸ்டருக்கு நீங்கள் வந்து இறங்கும்போது உங்கள் கையில் நான் எதைக் கொடுப்பேன்? அம்மா இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்ததை நான் ஒரு வருஷம் காப்பாற்றவில்லை. நீங்கள் என்னை அடியுங்கள், குடும்பத்துப் பெரியவர்கள் முன்னால் நிறுத்தி வைத்துத் திட்டுங்கள், தலை குனிந்து கேட்டுக்கொள்கிறேன். உங்கள் இளமையை நான் துளை போட்டுக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து நினைத்து வெட்கப்படுகிறேன். இனி என் ஆயுசில் பேஸ் கிட்டாரைத் தொட மாட்டேன் என்று இதன் மூலம் சத்தியம் செய்கிறேன். குடுக்கை எனக்குப் போதும். என்னை மன்னித்துவிடுங்கள் மாமா, மன்னிக்க முடியாவிட்டாலும் விசேஷத்துக்கு மட்டும் வராமல் இருந்துவிடாதீர்கள்.

அத்தைக்கு என் வணக்கங்கள். அங்குள்ள நம் ஆட்கள் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும். கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் திடமான முழங்காலையும் தரட்டும், சொத்து விஷயத்தை நினைத்துக்கொண்டு சொல்லவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

தலை நிமிராத மருமகன்,
க்வாபெனா ட்வுமாசி

பி.கு.: கடிதத்தை மடித்துக் கருவாட்டுக்கு அடியில் வைக்கப் போகும் நேரத்தில் அஃபியா அக்கா போன் செய்தாள். விசேஷத்துக்கு எல்லாருக்கும் ஒரே துணி எடுத்தாயிற்று, என் இடுப்பு அளவு என்ன என்று கேட்டாள். சொன்னேன். அப்புறம், "கிட்டாரைத் துடைச்சு வைடா, அம்மா படத்துக்குப் பக்கத்துல சாத்தி வைக்கணும்னு மாமா இப்பத்தான் சொன்னார்" என்றாள். மாமா அதை வாசிக்கப் போவதில்லையா என்று கேட்டேன். "மாமாவா? அவருக்கு அதை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியாதாம்டா. எனக்கே இன்னிக்குத்தான் சொல்றார். அந்தக் கோஷ்டியில பேஸ் வாசிச்சது நம்ம அம்மாதானாம். படம் எடுக்கிறப்போ, அது தாத்தா கண்ணுல பட்டுருமேன்னு கையில இருந்ததைப் பக்கத்துல நின்ன மாமாகிட்ட தள்ளிட்டு ஓடி ஒளிஞ்சுக்கிட்டாளாம். அப்புறம் சர்ச் மூப்பரைக் கட்டிக்கிட்டா, கோஷ்டியில வாசிச்சேன்னு நம்ம அப்பாகிட்ட எப்படிச் சொல்லுவா? அதான் 'தம்பியோடது'ன்னு சொல்லி வச்சிருக்கா. நாமெல்லாம் வெளிய போனப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு, கரண்ட்ல மாட்டாம, சத்தம் வராம வாசிச்சுக்குவாளாம்" என்றாள்.

ஆக, மேலே உங்களிடம் கேட்ட மன்னிப்பு எதுவும் உங்களுக்குச் சேர வேண்டியது இல்லை, தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மாவின் பொருள் நம் வழக்கப்படி மகளுக்கு. அதனால் நான் கெடுத்தது அக்காவின் கிட்டார். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. இனிமேல் தொடமாட்டேன் என்று செய்த சத்தியத்தையும் யாருக்குச் செய்தேன் என்று தெரியாததால் அதையும் இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன்.

ஆனால் மாமா, ஒன்றே ஒன்று. இத்தனை வருஷம் கூடத்தில் உட்கார்ந்து நான் தப்புத் தப்பாகப் பழகினதை அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாளே. ஒரு நாள்கூட நன்றாக இருக்கிறது என்றோ, இல்லை என்றோ சொன்னதில்லை. வாசித்து முடித்தால், "சாப்பிட வா" என்று மட்டும்தான் கூப்பிடுவாள். ஞாயிறுதோறும் உங்களோடுதானே போனில் மணிக்கணக்கில் பேசுவாள். என் வாசிப்பைப் பற்றி அவள் உங்களிடம் ஏதாவது சொன்னாளா? நல்லதோ கெட்டதோ, அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.